ஊஞ்சல் கூட்டிவந்த செலவு

இந்தக் காலாண்டில் நம் சங்கத்துப் புகார்ப் புத்தகத்தில் அதிகம் பதிவான புகார் எது தெரியுமா? தண்ணீர் லாரியும் இல்லை, தெருநாயும் இல்லை. டிரில்லிங் சத்தம்தான். பகல் இரண்டு மணிக்குக் கண் அசரும் நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் நம் மூன்று தெருக்களில் மட்டும் ஏழு வீடுகளில் உள்அலங்கார வேலை நடக்கிறது. ஏழில் நான்கு வீடுகள் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுடையவை.

"சார், நீங்கள் பேங்கில் இருந்தவர். செலவைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன்" என்றார் செயலாளர். அறிவுரை எழுத எனக்குத் தகுதி இல்லை. ஏன் இல்லை என்பது பாதிக் கட்டுரைக்கு மேல் தெரிந்துவிடும். ஆனால் பழைய கதைகளில் எனக்கு ஆர்வம் உண்டு. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றியே வீட்டலங்காரச் செலவின் கதை கொஞ்சம் கிடக்கிறது. அதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஊரூர் ஒல்காட் குப்பம் வழியாக வடக்கே நடந்து உடைந்த பாலம் வரை போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. 1967-இல் கட்டி, 1977-இல் ஆற்று வெள்ளத்தில் நடுவே அறுந்துபோன பாலம் அது. அதன் முனையில் நின்று பாருங்கள். இடதுகைப் பக்கம் தியசாபிகல் சொசைட்டியின் மரக்காடு. அதற்குள் ஒரு பழைய பங்களா. முகத்துவாரத்துக்கு அப்பால், வடகரையில், மரங்களுக்கு நடுவே செட்டிநாடு அரண்மனை. முதுகுக்குப் பின்னால் குப்பத்து வீடுகள். இந்த மூன்றையும் பார்த்தபடி பல வருடம் நடந்திருக்கிறேன். மூன்றும் எனக்குச் சொன்னது ஒன்றுதான் என்று புரிந்தது மட்டும் ரொம்ப தாமதமாக.

முதலில் பங்களா. கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882-இல் இந்த இடத்தைப் பார்த்தார்கள். அப்போது அதற்குப் பெயர் ஹடில்ஸ்டன் தோட்டம். அடையாற்றங்கரையில் இருபத்தேழு ஏக்கர், நடுவே பெரிய மாளிகை. விலை ஏறக்குறைய 9,000 ரூபாய். அந்தக் காலத்துக்கே அது அடிமாட்டு விலை. ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு ஒல்காட் சொன்ன காரணம் சுவாரசியமானது. ரயில் நீலகிரி அடிவாரம் வரை போய்விட்டது. மேட்டுப்பாளையம் பாதை திறந்தது 1873-இல். மதராஸ் வெயிலில் வெந்துகொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வருடத்தில் பாதியை ஊட்டியில் கழிக்க ஆரம்பித்தார்கள். இங்கே தூணும் தாழ்வாரமுமாக இழைத்து இழைத்துக் கட்டிய தோட்ட மாளிகைகளை வாங்க ஆள் இல்லை. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் போட்ட தண்டவாளம் அடையாறு மாளிகையின் விலையைச் சரித்துவிட்டது. கட்டியவர் எத்தனை ஆயிரம் கொட்டினார் என்பதை வாங்கியவர் கேட்கவே இல்லை; கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

1882 டிசம்பரில் ஒல்காட் குடிவந்தார். பக்கத்துக் குடிசைகளின் பிள்ளைகளுக்காக 1894-இல் ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். குப்பத்தின் பெயரில் அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். இது உங்களுக்குத் தெரிந்த கதை, நிறுத்திக்கொள்கிறேன்.

வடகரை மாளிகைக்கு வருவோம். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் காரைக்குடி வட்டாரத்து வீடுகள் ஞாபகத்துக்கு வரும். வீட்டை அலங்கரிக்கச் செலவு செய்தவர்கள் என்று தமிழ்நாட்டில் யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் நகரத்தாரைத்தான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை அந்தச் சிறிய வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. நடுவே முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். தூணுக்கும் கதவுக்கும் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலிப் பளிங்கு. சுவருக்கு பெல்ஜியம் கண்ணாடி. கூடத்தில் தொங்கும் சரவிளக்கும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததுதான். சுவர்ப்பூச்சு மட்டும் உள்ளூர்ச் சரக்கு: சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு. கையால் தடவினால் இன்றைக்கும் பீங்கான் மாதிரி வழுக்கும். நம் பெயின்டர்கள் 'லக்சரி ஃபினிஷ்' என்று சதுர அடிக்கு விலை சொல்வதை அந்தச் சுவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

இதைச் செய்தவர்கள் ஊதாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சிறுவயதிலேயே பையனைக் கடையில் உட்கார வைத்துவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகுதான் ஏஜெண்ட். மூன்று வருடத் தவணைக்கு ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ போகும் ஏஜெண்ட், அங்கே செய்த செலவுக்கும் கொடுத்த கடனுக்கும் ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கணக்கு எழுதி அனுப்பியாக வேண்டும். பேரேடு, சிட்டை, நடப்பு வட்டி, தவணை வட்டி என்று தனி உலகம். பி.காம் படிக்கும்போது ஐரோப்பாக்காரர்களின் இரட்டைப் பதிவு முறையை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். செட்டிநாட்டுப் பேரேட்டை யாரும் காட்டவில்லை. அது தனி வருத்தம்.

1929-30-இல் பர்மாவில் ஒரு வங்கி விசாரணைக் குழு உட்கார்ந்து கணக்கெடுத்தது. அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள். புழக்கத்தில் இருந்த மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய ரூபாய். அந்தப் பணத்தின் ஒரு சிறு கிளைதான் தேக்காகவும் பளிங்காகவும் கப்பலேறி ஊருக்கு வந்தது.

அந்த அறிக்கையின் மை காய்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை தரையில் விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடமான நிலம் கைக்கு வந்தது. பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-க்குள் அது 25 சதவீதம் ஆனது. கேட்பதற்குச் சொத்து சேர்ந்த மாதிரி இருக்கும். பேங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சொத்து இல்லை. ரொக்கமாக வர வேண்டியது மண்ணாக வந்து முடங்கிவிட்டது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களின் கோபமும் கூடவே வந்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காட்டுவழியே கால்நடையாக வந்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நில உடைமைச் சட்டம் போட்டது. 1960-களில் ராணுவ ஆட்சி வந்து மிச்சமிருந்தவர்களையும் அனுப்பியது. பாரிமுனையில் பர்மா பஜார் முளைத்தது அதற்குப் பிறகுதான்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. அந்த வீடுகள்தான் அவர்களைக் கவிழ்த்தன என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. கவிழ்த்தது பர்மா. வீடு கட்டியது லாபத்தில், கடனில் அல்ல. ஆனால் பர்மா போன பிறகு, அவ்வளவு செலவழித்த வீடு அவர்களைத் தூக்கிவிடவும் இல்லை. பத்து, இருபது பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டை யார் விற்பது, யார் வாங்குவது? ஓடு மாற்றவும் ஒட்டடை அடிக்கவுமே வருடா வருடம் ஒரு தொகை. வீட்டை விற்க முடியாதவர்கள் வீட்டின் உறுப்புகளை விற்றார்கள். கதவு, நிலை, தூண், கண்ணாடி, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, ஊஞ்சல். எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தன. சில வீடுகளை மொத்தமாகவே பிரித்து மரத்தைக் கனஅடிக் கணக்கில் போட்டார்கள். வாங்கும்போது பெல்ஜியம் விலை. விற்கும்போது எடை விலை.

(தப்பித்த வீடுகளும் உண்டு. சில ஹோட்டலாகியிருக்கின்றன. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை எழுப்பி வைத்திருக்கிறார்கள். பேரன் பேத்திகளை அழைத்துப் போங்கள். அங்கே பார்ப்பதற்கு டிக்கெட் மட்டும்தான் செலவு.)

இவ்வளவும் தெரிந்த ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் நாங்கள் ஆறு பேர், எல்லாரும் ஒரே கிளையில் குப்பை கொட்டியவர்கள், குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போனோம். திரும்பும் வழியில் காரைக்குடி. "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். ஒரு கடையின் உள்ளே, இருட்டில், ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை. ஆறரை அடி நீளம், ஓரத்தில் அன்னப்பட்சி செதுக்கியிருந்தது. கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. விலை 68,000 ரூபாய்.

முப்பத்தேழு வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான். பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து லெட்ஜரைப் புரட்டியவன். அந்த ஊஞ்சலை வாங்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதில் பத்து நிமிடம் கார்டு இயந்திரத்துக்கு சிக்னல் கிடைக்காததால். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எங்கே மாட்டுவீங்க?" "ஹாலில்தான்" என்றேன். நண்பர்கள் கைதட்டினார்கள்.

பிறகு நடந்ததை வவுச்சர் வாரியாகச் சொல்கிறேன். டெம்போ வாடகை 6,500. பலகை வந்தது, சங்கிலி வரவில்லை; சங்கிலிக்குத் தனி விலையாம். நைலான் கயிறா கட்டுவது? பித்தளைச் சங்கிலி 14,000. நம் அடுக்குமாடித் தளத்தில் நினைத்த இடத்தில் கொக்கி போட முடியாது. உத்தரம் பார்த்துத் துளைத்து இரும்புக் கொக்கி இறக்க ஆள் கூலியும் சாமானுமாக 9,000. (அந்த டிரில்லிங் சத்தம் என் வீட்டுடையது. கீழ்வீட்டுக்காரரிடம் இந்த இதழ் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) ஊஞ்சல் ஆடினால் சோபாவில் இடித்தது. சோபாவைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு பிரம்பு செட், 42,000. கொக்கியைச் சுற்றிக் காரை பெயர்ந்து அசிங்கமாக இருந்தது. "ஃபால்ஸ் சீலிங் போட்டால் மறைந்துவிடும் சார்" என்றார் வந்தவர். அதற்கும் அதில் பதித்த விளக்குகளுக்கும் 72,000. புது வெளிச்சத்தில் சுவர் அழுக்கு பளிச்சென்று தெரிந்தது. பெயின்டிங் 48,000.

கூட்டிப் பாருங்கள். 2,59,500 ரூபாய். இதில் ஊஞ்சல் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மிச்சம் முக்கால் பங்கை நான் எந்தக் கடையிலும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அவையெல்லாம் ஊஞ்சல் கூட்டிவந்த விருந்தாளிகள். ஒவ்வொன்றும் வரும்போது நியாயமான காரணத்தோடுதான் வந்தது. ஒன்றைக்கூட என்னால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? மூன்று லட்சத்துக்கு ஒரு எஃப்.டி. இருந்தது. என் மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கியது. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் ஒரு சதவீதம் போகும் என்று கவுன்டரில் எத்தனை பேரைத் தடுத்திருப்பேன்! அதே கவுன்டருக்கு வெளிப்பக்கம் நின்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். புதிதாக வந்திருந்த பெண், "அவசரமா சார்?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அறுவை சிகிச்சை ஒன்பது மாதம் தள்ளிப்போனது. எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது, நாங்கள் இரண்டாவது மாடி. அந்த ஒன்பது மாதமும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஏறினேன். அவள் ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று பிறகு தெரிந்தது. 1769-இல் பாரிஸில் தெனி திதரோ என்ற பெரிய அறிஞர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர், இதையே ஒரு கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறார். காசுக்கு எப்போதும் திண்டாட்டம். மகளுக்குச் சீதனம் சேர்ப்பதற்காகத் தன் நூலகத்தையே ரஷ்யப் பேரரசி கேதரினுக்கு விற்றவர். அவருக்குச் சிவப்பு நிறத்தில் புது வீட்டங்கி ஒன்று வந்து சேர்ந்தது. பழைய அங்கியில் பேனா மையைக்கூடத் துடைத்துக்கொள்வார், புதியதில் முடியுமா? புது அங்கியோடு உட்கார்ந்தால் வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை. தோல் நாற்காலி வந்தது. பிறகு மரமேஜை பொருந்தவில்லை. விலையுயர்ந்த மேஜை வந்தது. புத்தகம் அடுக்கிய பலகை போய் இழைத்த அலமாரி வந்தது. சுவர்த் திரையும் மாறியது. கடைசியில் மனிதர் பழைய அங்கியை ஏன் தூக்கிப் போட்டோம் என்று உட்கார்ந்து அழுகிறார். இதற்கு 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தவர் கிராண்ட் மெக்ராக்கன் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர். 1988-இல் வந்த அவருடைய நூலில் இதற்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. கோவணம் கட்டிய சாமியார் எலிக்காகப் பூனை வளர்த்து, பூனைக்காகப் பசு வளர்த்து, கடைசியில் சம்சாரியான கதையை நம் பாட்டிகள் சொல்லிவிட்டார்கள்.

திதரோவுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: தவணை. இதில் நம் நகரத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் முதல் ரேடியோ, முதல் மின்விசிறி, முதல் சுவர்க்கடிகாரம் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வி.ஜி.பி. என்பார்கள். வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்களின் கடை தவணை முறைக்கே பேர்போனது. அங்கே விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978-இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். மயிலாப்பூரில் 1965-இல் சின்னக் கடையாக ஆரம்பித்த விவேக், ஜனவரி முதல் தேதி விடியற்காலையில் மக்களைத் தெருவில் வரிசையாக நிற்க வைத்தது. இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் இருபது ரூபாய் கட்டி மின்விசிறி வாங்கிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. என் அம்மா அம்மியிலிருந்து எழுந்ததும் தவணையில் வந்த மிக்ஸியால்தான்.

அன்றைய தவணையில் ஒரு கடிவாளம் இருந்தது. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது. கட்டாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார். தெரு பார்க்கும். அந்த பயமே ஒரு பட்ஜெட். (இதை முறைப்படுத்த நாடாளுமன்றம் 1972-இல் தவணைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. அது ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை. 2005-இல் சத்தமில்லாமல் ரத்து செய்தார்கள். எங்கள் வணிகச் சட்டத் தேர்வில் அதைப் படித்துத்தான் மார்க் வாங்கினோம்.)

இப்போது நாம் தவணையில் வாங்குவது என்ன? ஃபால்ஸ் சீலிங். மாடுலர் கிச்சன். சுவரோடு ஒட்டிய டிவி யூனிட். இவற்றை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனாலும் விலை போகாது. பிடுங்க முடியாத பொருளுக்குக் கடன் கொடுப்பவர் அந்த ஆபத்தை வட்டியில் ஏற்றாமல் விடமாட்டார். வீட்டுக்கடனைவிடத் தனிநபர் கடனுக்கு வட்டி கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். செட்டிநாட்டு வீட்டிலாவது கதவையும் தூணையும் கழற்றி விற்க முடிந்தது. ஜிப்சம் பலகையைக் கழற்றினால் குப்பை லாரிக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வேலை. "வெறும் 12 சதவீதம் சார், இரண்டு வருடம்" என்கிறார்கள். வட்டி 24,000, மொத்தம் 1,24,000, இருபத்துநாலால் வகுத்தால் மாதம் 5,167. சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. முதல் மாதமே நீங்கள் அசலில் ஒரு பகுதியைத் திருப்ப ஆரம்பித்துவிட்டீர்கள். ஆனால் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே தவணை வருடத்துக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம். அதனால் "ஃபிளாட் ரேட்டா, ரெட்யூசிங் ரேட்டா?" என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 'பூஜ்ய வட்டி' என்பதையும் நம்ப வேண்டாம். வட்டி பிராசஸிங் கட்டணத்தில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியை விழுங்கியிருக்கும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கிகள் பூஜ்ய வட்டி என்று காட்டுவதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்து நிறுத்தச் சொன்னது.

மூன்றாவதாகக் குப்பம். நான் வேலை பார்த்த கிளையில் நகைக்கடன் கவுன்டரில் சில வருடம் இருந்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் வருடத்தில் இரண்டு முறை வருவார். அதே வளையல், அதே தொகை. ஒருதடவை என்ஜினுக்கு, ஒருதடவை வலைக்கு. ஒருநாள், "வீட்டுக்குத் தளம் போடப் போறேன்னு சொன்னியேம்மா, அதுக்குக் கொஞ்சம் கூட வாங்கிக்கலாமே?" என்றேன். எங்களுக்கும் டார்கெட் உண்டல்லவா! அந்த அம்மா சிரித்தார். "வலைக்குப் போட்டா வலை குடுக்கும் சார். வூட்டுக்குப் போட்டா வூடு இன்னா குடுக்கும்? கடல் குடுக்குறப்ப வூட்டுக்குப் போட்டுக்கலாம்" என்றார். வருமானம் ஈட்டும் சொத்துக்கு மட்டும் கடன், மற்றது உபரியில். மூன்று வருடம் பி.காம் வகுப்பில் எனக்குச் சொன்னதும் அதுதான். வளையலைத் தராசில் வைத்தபடி அதைக் கேட்டேன்; காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. வவுச்சரை எழுதியவரே பாஸ் செய்யக்கூடாது. மேனேஜரே எழுதினாலும் வேறொருவர் கையெழுத்து வேண்டும். அவர் நேர்மையானவர் இல்லை என்பதற்காக அல்ல. எழுதியவர் கண்ணுக்கு எழுதியவரின் தப்பு தெரியாது. ரங்கூன் ஏஜெண்ட் ஊருக்குக் கணக்கு எழுதியதும் இதற்காகத்தான். காரைக்குடிக் கடையில் வவுச்சர் எழுதியதும் நான், பாஸ் செய்ததும் நான். "எங்கே மாட்டுவீங்க?" என்று என் மனைவி கேட்டது ஒரு தணிக்கைக் கேள்வி. மேலோட்டமான பதிலைச் சொல்லி அதை முடித்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வீட்டுக்கென்று வாங்கும் எதையும் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். எழுதுபவர் பொருளின் விலையை மட்டும் போட்டால் செல்லாது. அது கூட்டிவரும் விருந்தாளிகளின் விலையையும் அடுத்த வரியில் போட வேண்டும். மற்றவர் ஒரு வாரம் கழித்துத்தான் கையெழுத்துப் போடுவார். போன வருடம் நான் எழுதிய பதினொன்றில் மூன்று பாஸ் ஆயின. ஒரு பித்தளை விளக்கை நானே அடித்துவிட்டேன். அதை வைக்க மாடம் கட்ட வேண்டியிருந்தது. அவள் எழுதியது இரண்டு, இரண்டும் பாஸ். ஒன்று குளியலறைக் கைப்பிடி, இன்னொன்று வழுக்காத தரைவிரிப்பு. பழைய ஸ்டேட்மென்ட்களைக் கிழித்த பின்புறத் தாளில்கூட இந்த நோட்டைத் தைத்துக்கொள்ளலாம். மாதிரிப் பக்கம் வேண்டுபவர்கள் சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இருபது பிரதி கொடுத்து வைத்திருக்கிறேன்.

சென்ற தையில் அந்த ஊஞ்சலை விற்றுவிடலாம் என்று ஒரு பழம்பொருள் வியாபாரியை அழைத்து வந்தேன். பலகையைத் தட்டிப் பார்த்தார், அன்னப்பட்சியை ஆராய்ந்தார், சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். கழற்றும் கூலி என்னுடையது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இருக்கட்டும், கழட்டினா மேலே ஓட்டை தெரியும்" என்றாள்.

ஆகவே ஊஞ்சல் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. முழங்கால் தேறிய பிறகு மத்தியானங்களில் அவள்தான் அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். இரண்டாவது மாடி, இடதுபக்கக் கதவு. டிரில்லிங் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருதடவை வந்து ஆடிப் பாருங்கள். காபி உண்டு.